அலை வரிசையில் ஓர் இடம்

இந்த ரூம்ல இருந்த பிள்ள ஏன் போனான்னு கேட்ட பாத்தியா, அத முதல்லயே சொல்லிருதேன். நாளைக்கு ஆஸ்பத்திரில யாராவது உங்கிட்ட வேற மாதிரி சொல்லுவாங்க. ஷீபா சிஸ்டர் வீட்டுல இருக்க முடியாது, அப்படி இப்படின்னு. என் வாயாலயே கேட்டுட்டா பொறவு குழப்பம் இல்ல. உக்காரு மக்களே. கட்டில்லயே உக்காரு, விரிப்பு காலைலதான் மாத்தினேன். சாயா போடட்டா? சரி, பொறவு குடிக்கலாம்.

அவ பேரு அகல்யா. கரூர்ப் பக்கம். உன் வயசுதான் இருக்கும். உன்ன மாதிரியே நர்ஸ் வேலைக்குன்னு ஒரு பெட்டியும் ஒரு பையுமா வந்து நின்னா. நல்ல பிள்ள. அதையும் சொல்லிடணும், நான் அவளக் குறை சொல்லுதேன்னு நெனச்சிராத. வந்த புதுசுல டூட்டி முடிஞ்சு வந்ததும் கதவச் சாத்திட்டு அழுவா. சத்தம் வெளிய வரலன்னு அவளுக்கு நெனப்பு. இந்த வீட்டுச் சுவரு அட்டை மாதிரி, இந்தப் பக்கம் இருமினா அந்தப் பக்கம் கேக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்துல எனக்கு அழுறதுக்கு ஒரு தனி ரூம்கூட கெடையாது. அதனால அவ மேல ஒரு இரக்கம். சோறு வடிச்சா அவளுக்கும் சேத்து வடிப்பேன். எனக்கு ரெண்டு சப்பாத்தி போதுங்க்கான்னு சொல்லுவா. நான் விட மாட்டேன்.

அந்த அழுகைய நிறுத்தத்தான் டான்ஸ் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்காகத்தான், கேட்டியா. எனக்கு இந்த வயசுல என்ன ஆட்டம்?

இந்த லீட்ஸ்ல ஆகஸ்ட் கடைசில ஒரு திங்கக்கிழமை கார்னிவல் நடக்கும். கரீபியன் தீவுகள்ல இருந்து வந்த குடும்பங்க நடத்துறது. நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு பெரிய ரோடு இருக்கே, அதுலதான் ஊர்வலம் போகும். ஒரு லாரி நிறைய ஸ்பீக்கர், அதுக்குப் பின்னால ஒரு குழு, பொறவு இன்னொரு லாரி, இன்னொரு குழு. முதுகுல ஆள் உயரத்துக்கு இறக்கை கட்டியிருப்பாங்க. வெயில் பட்டா கண்ணு கூசும். நான் வருசா வருசம் போய்ப் பாப்பேன். மருந்துக்கடை முன்னால நடைபாதைல ஒரு இடம் உண்டு, ஃப்ளாஸ்க்ல சாயா எடுத்துட்டுப் போயி அங்கன நிப்பேன். வேற ஒண்ணும் இல்ல. லீவு நாளு, வீட்டுல இருந்து என்ன செய்ய?

வசந்த காலம் வந்தா லைப்ரரி கண்ணாடில ஒரு நோட்டீசு ஒட்டுவாங்க. கார்னிவல் ஆட்டம் கத்துத் தாறோம், யாரும் வரலாம், முன்னப்பின்ன ஆடியிருக்க வேண்டாம்னு போட்டிருக்கும். கீழ போன் நம்பர் துண்டு துண்டாத் தொங்கும். அதுல ஒண்ணக் கிழிச்சு ரொம்ப நாளா பர்சுல வச்சிருந்தேன், சும்மா. அகல்யா வந்தப்ப ஒரு காரணம் கெடச்சுது. காரணம்னா, அவளுக்குத்தான் சொல்லுதேன்.

ஒரு சர்ச் ஹால்ல வியாழக்கிழமை சாயங்காலம் கிளாஸ். சொல்லிக் குடுக்கது வெர்னிஸ்னு ஒருத்தி. அறுபது வயசு இருக்கும். நம்ம ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸ ஓட்டுறது அவதான், நீ பாத்திருப்ப, காதுல பெரிய வளையம் போட்டிருப்பா. அவ அப்பா அம்மா நெவிஸ்னு ஒரு குட்டித் தீவுல இருந்து வந்தவங்க. முதல் நாளு அவ சொன்னா, எங்க முன்னோரு அடிமையா இருந்தவங்க, விடுதலை கெடச்சப்ப அவங்க ரோட்டுக்கு வந்து ஆடினாங்க, அதனால ரோட்டுல ஆடுற அன்னைக்கு ரோடு நம்மளோடது, நடைபாதைல நிக்கவன் பாக்க வந்தவன், ரோட்டுல நிக்கவன் வீட்டுக்காரன்னு. எனக்கு அது பிடிச்சுது.

முதல் நாளு ஆட்டமே இல்ல. நடக்கச் சொன்னா. காலத் தூக்காம, தரையத் தேச்சுத் தேச்சு, தாளத்துக்கு ஒரு சின்ன நடை. அதுக்கு சிப்புன்னு பேரு. ரோட்டுல பகல் முழுக்க ஆடணும், காலத் தூக்கித் தூக்கி வச்சா மத்தியானத்துக்குள்ள முட்டு போயிரும், அதனால அந்த நடை. எனக்கு உடனே வந்துட்டு. ராத்திரி டூட்டில நோயாளி முழிச்சிரக் கூடாதுன்னு நடக்கோம்ல, அதேதான். வெர்னிஸ் என்னைய முன்னால நிறுத்தி எல்லாரையும் பாக்கச் சொன்னா.

இடுப்புதான் கஷ்டம். மேல் உடம்பு அசையக் கூடாது, இடுப்பு மட்டும் வட்டமாச் சுத்தணும். நம்ம ஊர்ல பொம்பளப் பிள்ளைக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கதையே மறக்கடிச்சுதான வளக்காங்க. நான் நாகர்கோயில்ல சர்ச் பாட்டுக்குழுல பாடினவ, ஆடாம அசையாம நிக்கணும், தல ஆடினாக்கூட பாஸ்டர் பாப்பாரு. சவம், தோளு நின்னா இடுப்பும் நின்னுருது, இடுப்பு சுத்தினா தோளும் கூடவே சுத்துது. வீட்டுல பாத்திரம் கழுவுற தொட்டியப் பிடிச்சுக்கிட்டு தினமும் பழகுவேன். கோடை வரதுக்குள்ள எனக்கு எல்லாம் வந்துட்டு. எந்தப் பாட்டுக்கு எந்த அடின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

அகல்யா ஒரு நாளும் பழக மாட்டா. தப்பா வைப்பா, சிரிப்பா, பக்கத்துல உள்ளவங்களும் சிரிப்பாங்க. நான் பின்னால நின்னு தமிழ்ல சொல்லிக் குடுப்பேன், வலது காலு, வலது காலு, இடுப்பு, இடுப்புன்னு. தமிழ்ல சொல்ல ஒரு ஆளு இருக்கது அவளுக்கு எவ்வளவு வசதி. ஒரு நாளு அவ இடத்த மாத்திட்டுக் கடைசி வரிசைக்குப் போயிட்டா. அங்கன ஃபேன் காத்து வரும்.

அந்தக் கடைசி வரிசைலதான் டானிக்கா உண்டு. வெர்னிஸோட தங்கச்சி மக. அவளும் இவளும் அன்னைலருந்து ஒட்டிக்கிட்டாங்க.

இன்னொண்ணு சொல்லுதேன். கிளாஸ் முடிவுல வெர்னிஸ் ஒரு விளையாட்டு வைப்பா. ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர நிக்கணும். ஒருத்தரு ஆடுற மாதிரி மத்தவரு ஆடணும். ஆனா காலப் பாக்கக் கூடாது, முகத்தத்தான் பாக்கணும். முகத்தப் பாத்தா காலு எப்படித் தெரியும், சொல்லு. நான் ஓரக்கண்ணால காலத்தான் பாப்பேன், சரியாவும் வைப்பேன். ஒரு தடவ எனக்கு எதிர நிக்க வெர்னிஸே வந்தா. பாட்டு முடிஞ்சதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

“ஷீபா, உனக்கு எல்லா அடியும் தெரியுது. ஆனா நீ ஒருத்தரையும் பாக்க மாட்டேங்குறியே.”

பாராட்டுனாளா குறை சொன்னாளான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியல.

கிளாஸ் முடிஞ்சா எல்லாரும் வீட்டுல இருந்து கொண்டு வந்தத மேசைல வைப்பாங்க. வாழைக்காய் பொரிச்சது, கருவாட்டு வடை மாதிரி ஒண்ணு, இஞ்சி போட்ட கேக்கு. நான் அகல்யாவோட கோட்ட எடுத்து வச்சிக்கிட்டு வாசல்ல நிப்பேன். வீட்டுல மீன் கொழம்பு வச்சிட்டு வந்திருப்பேன்ல. நாங்க வெளிய சாப்புடுறதில்லன்னு எல்லார்ட்டயும் மரியாதையாத்தான் சொல்லுவேன். அவ ஒரு வடையக் கைல எடுத்துட்டு வாசலப் பாப்பா, பாத்துட்டு வச்சிருவா. பொறவு ஒரு வியாழக்கிழமை, நீங்க முன்னால போங்கக்கா, டானிக்கா கார்ல விட்டுருவான்னா. போனேன். கொழம்ப ரெண்டு தடவ சூடு பண்ணேன். வந்தா, வயிறு நெறஞ்சிட்டுன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டா.

அவ அம்மா நம்பர் எங்கிட்ட உண்டு. அவசரம்னா வேணும்னு வந்த அன்னைக்கே வாங்கி வச்சேன். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்ததும் அவங்களுக்குப் போன் போடுவேன். பிள்ள சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு கேப்பாங்க, நான் சொல்லுவேன். பாவம், அவங்களுக்கும் பேச ஒரு ஆளு வேணும்ல. நல்ல தங்கமான மனுசி, சிஸ்டர் சிஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. சில நாளு ஒரு மணி நேரம்கூட ஓடிரும்.

ஜூலைல உடுப்பு தைக்க ஆரம்பிச்சாங்க. எங்க குழுவுக்குக் கடல்னு ஒரு கரு. முன்னால போற வயசுப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நிற மீனு உடுப்பு. மீனுன்னா, மேல மணி வச்ச ஒரு கச்சு, கீழ மணி வச்ச ஒரு சின்னத் துணி, நடுவுல வயிறு. கடைசில போற எங்கள மாதிரி ஆளுங்க அலை. கழுத்துல இருந்து கணுக்கால் வரைக்கும் நீல உடுப்பு. அலமாரியத் திறந்தப்ப நீ ஒரு நீல உடுப்பப் பாத்தியே, அதுதான். வேணும்னா எடுத்து என் ரூம்ல வச்சிருதேன், உனக்கு இடம் வேணும்ல.

எனக்கு முழுக்கை வேணும், கழுத்து மூடியிருக்கணும்னு வெர்னிஸ்கிட்டச் சொன்னேன். சரின்னு சொல்லிட்டு அளவு நாடாவ எடுத்துட்டு வந்தா. கையத் தூக்கச் சொன்னா. தோளப் பிடிச்சா, முதுகுல கைய வச்சா, இடுப்புல நாடாவச் சுத்தி, மூச்ச விடு டார்லிங், பிடிச்சு வைக்காதன்னா. நாள் முழுக்க நான் எத்தனையோ பேரத் தொடுதேன். குளிப்பாட்டுதேன், திருப்பிப் படுக்க வைக்கேன். என்னைய யாரு கடைசியாத் தொட்டாங்கன்னு அப்ப யோசிச்சுப் பாத்தேன், நெனவுக்கு வரல. கண்ணு கலங்கிட்டு. தூசின்னு சொல்லிட்டேன். அவ அளவ இன்னொரு தடவ மெதுவா எடுத்தா.

சரி, விசயத்துக்கு வாறேன்.

அகல்யா மீனு உடுப்புல போறேன்னு பேரு குடுத்துட்டா. அந்த உடுப்பப் போட்டு, போன்ல எடுத்த படத்த எங்கிட்டயே காட்டினா. அழகாத்தான் இருந்தா, இல்லன்னு சொல்லல. அக்கா, நான் இவ்வளவு நல்லா இருப்பேன்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னா. எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல. நம்மள நம்பித்தான ஒரு பிள்ளைய இங்கன விட்டிருக்காங்க. அந்த ஞாயித்துக்கிழமை அவ அம்மாகிட்டச் சொல்லிட்டேன். கோள் மூட்டல. பதறாதீங்க, இங்கன இதெல்லாம் சாதாரணம், ஆனா பெத்தவங்களுக்குத் தெரியணும்னு சொல்லுதேன்னுதான் சொன்னேன். பெத்தவளுக்குத் தெரியணுமா வேண்டாமா, நீயே சொல்லு.

அவங்க அழுதாங்க. பொறவு அவங்கப்பா போன வாங்கினாரு. மாப்பிள்ள பாத்துட்டு இருக்க நேரம், ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், டிக்கெட் போட்டு அனுப்பி வைங்கன்னு என்னையச் சத்தம் போட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் வந்துது. இந்தச் சுவரு வழியா எல்லாம் கேட்டுது. இந்தத் தடவ அவ சத்தமாவே அழுதா.

நான் தோசை சுட்டு வச்சிட்டுக் கதவத் தட்டினேன். திறந்தா. முகம் வீங்கியிருந்துது. கோபப்படல, திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

“எங்கம்மாகிட்ட நானே சொல்லியிருப்பேங்க்கா. என் வாயால சொல்லியிருப்பேன்.”

அவ்வளவுதான். கதவச் சாத்திட்டா.

சொல்லியிருப்பாளாம். எப்பச் சொல்லியிருப்பா? எல்லாம் முடிஞ்ச பொறவா? நான் நல்லதுதான செஞ்சேன். ஆனா அன்னைல இருந்து அவ எங்கிட்டப் பேசுறது குறைஞ்சுது. கேட்டா பதில் சொல்லுவா, உம், சரிங்க, இல்லைங்கன்னு. அக்காங்கிறது மட்டும் போயிட்டு. கார்னிவலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு பையத் தூக்கிட்டு டானிக்கா வீட்டுக்குப் போனா. மீனாத்தான் போறேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்னு படில நின்னு சொன்னா. நான் சாப்பாடு கட்டித் தரட்டான்னு கேட்டேன்.

திங்கக்கிழமை விடியும் முன்னாலயே முழிப்பு வந்துட்டு. பெரிய ஊர்வலம் மத்தியானம்தான். ஆனா அதுக்கு முன்னால விடியக்காலம் ஒரு ஆட்டம் உண்டு. படுக்கைல இருந்து எழும்பின மேனிக்கு, ராத்திரி உடுப்போடயே ரோட்டுக்கு வந்து ஆடுறது. எல்லாரும் முதல்ல வெர்னிஸ் வீட்டுக்கு வந்து சாயா குடிச்சிட்டுச் சேந்து போவோம்னு கிளாஸ்ல சொல்லியிருந்தாங்க. நான் அப்பவே சிரிச்சேன். இந்தக் குளிர் ஊர்ல நைட்டியோட வெளிய வர நான் என்ன கிறுக்கியான்னு கேட்டேன். அதனால எங்கிட்ட யாரும் பொறவு அதப் பத்திக் கேக்கல.

கட்டில்ல படுத்திருக்கேன். தூரத்துல தாளம் கேக்கு. இந்த ஜன்னல் கண்ணாடி லேசா அதிருது. இந்த ரூம்ல ஆளு இல்ல, அடுப்படில ஆளு இல்ல. எவ்வளவு நேரம் அப்படிக் கெடந்தேன்னு தெரியல. எழும்பினேன். ஊர்ல இருந்து தங்கச்சி குடுத்துவிட்ட காட்டன் நைட்டி, பூப் போட்டது, அதத்தான் போட்டிருந்தேன். துண்டு ஒண்ண எடுத்துத் தோள்ல போட்டேன். நம்ம ஊர்ல நைட்டிக்கு மேல துண்டு போட்டா அது முழு உடுப்புதான, பால் கடைக்கே போலாம். செருப்ப மாட்டிட்டுக் கதவப் பூட்டிட்டு இறங்கிட்டேன்.

முக்குல போய் நின்னேன். ரோடு முழுக்க மனுசங்க. கோடு போட்ட பைஜாமால ஒரு கிழவரு சட்டிய அடிச்சிட்டு வாறாரு. தலைல முடி சுருட்டுற உருளை மாட்டின பொம்பளைங்க, தோள்ல பிள்ளைய வச்சிருக்க அப்பன்மாரு, போர்வையச் சுத்திக்கிட்டு ஒருத்தி. அந்த வெளுக்கிற நேரத்துல எல்லாரும் ஒரே வீட்டுல எழும்பினவங்க மாதிரி இருந்தாங்க. எங்க குழு வந்துது. வெர்னிஸ் ஒரு பழைய குளியல் கோட்டுல முன்னால வாறா. என்னையப் பாத்தா. நைட்டியப் பாத்தா, துண்டப் பாத்தா. சிரிக்கல. கைய மட்டும் நீட்டினா.

நான் நடைபாதைல இருந்து இறங்கினேன்.

எவ்வளவு தூரம் போனேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. காலு பாட்டுக்குத் தேச்சுத் தேச்சுப் போகுது, அத நான் பாக்கல. இடுப்பு சுத்துதா நிக்குதான்னு நான் பாக்கல. நைட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், அது பாட்டுக்குச் சுத்திட்டுப் போட்டும். எல்லார் முகத்தயும் பாத்தேன். என்னையும் பாத்தாங்க. அந்தக் கிழவரு என் துண்ட வாங்கித் தலைக்கு மேல சுத்திட்டுத் திருப்பிக் குடுத்தாரு. அப்பத்தான் எனக்கு எதிர அகல்யா வந்தா. தவளப் படம் போட்ட பைஜாமா. என்னைய எதிர்பாக்கல அவ. ஒரு நிமிசம் அப்படியே நின்னா. பொறவு சிரிச்சா. பழைய சிரிப்பு. கிளாஸ்ல நிக்க மாதிரி எதிரயே நின்னு ஆட ஆரம்பிச்சா. நான் அவ முகத்தத்தான் பாத்தேன். அவ வழக்கம் போலத் தப்பாத்தான் வச்சிருப்பா, நானும் கூடவே தப்பா வச்சேன். நேரம் போனதே தெரியல. என் கன்னத்துல வேர்த்து ஒட்டியிருந்த முடிய அவ விரலால ஒதுக்கிவிட்டா.

எனக்கு ஏதாவது சொல்லணும்னு இருந்துது. அந்த நேரத்துல நான் அவளுக்கு ஏதாவது குடுக்கணும்னு இருந்துது. கிட்டப் போயி அவ காதுல சொன்னேன்:

“பயப்படாத. இன்னைக்கு நீ என்ன உடுத்தினாலும் உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

அவ நின்னுட்டா. வாயில சிரிப்பு அப்படியே இருந்துது, ஆனா கண்ணுல இருந்து போயிட்டு. எனக்குச் சொல்லத் தெரியல, நோயாளிகிட்டப் பாத்திருப்பியே, அந்த மாதிரி. தலைய ஆட்டினா. முன்னால போயி டானிக்கா பக்கத்துல சேந்துகிட்டா. பாட்டுச் சத்தத்துல நான் சொன்னது சரியாக் கேக்கல போல. வேற என்ன இருக்கு அதுல? இனிமே சொல்ல மாட்டேன்னுதான சொன்னேன்.

வீட்டுக்கு வந்து குளிச்சேன். மத்தியானத்துக்கு நீல உடுப்ப எடுத்துப் போட்டேன். வெர்னிஸ் நான் கேட்ட மாதிரியே தச்சிருந்தா, முழுக்கை, மூடின கழுத்து. ஜிப்பு பின்னால. பாதி வரைக்கும் ஏறிச்சு, பொறவு கை எட்டல. கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன், கதவுக் கொண்டில நூலக் கட்டி இழுத்துப் பாத்தேன், எட்டல. பக்கத்து வீட்டுல உள்ளவங்க நல்லவங்கதான், ஆனா இத்தன வருசத்துல நான் அவங்க பெல்ல அடிச்சதில்ல. முதுகக் காட்டிட்டு எப்படிப் போய் நிக்க? கழத்தி ஹேங்கர்ல மாட்டிட்டேன். நான் ஒருத்தி இல்லன்னா யாருக்குத் தெரியப் போகுது, அத்தன அலைல.

சாதாரண உடுப்பப் போட்டுக்கிட்டு, சாயாவ ஃப்ளாஸ்க்ல ஊத்திக்கிட்டு மருந்துக்கடை முன்னால போய் நின்னேன். மத்த குழுவெல்லாம் போச்சு. பொறவு எங்க லாரி வந்துது, மீனுங்க வந்துது. அகல்யாவப் பாத்தேன். வயிறு தெரியுது, தோளு தெரியுது, யாரும் அதப் பாத்த மாதிரி இல்ல, அவளத்தான் பாத்தாங்க. நல்லா ஆடினா. அடி எல்லாம் சரியா இருந்துது, கேட்டியா. எப்பப் பழகினாளோ.

கடைசில அலைங்க. நாலு நாலு பேரா ஒரு வரிசை. மூணாவது வரிசைல மட்டும் மூணு பேரு. ஓரத்துல இல்ல, நடுவுல ஒரு ஆளு நிக்க இடம் அப்படியே கெடந்துது. யாரோ வரல போலன்னுதான் எனக்கு முதல்ல தோணுச்சு. பொறவுதான் புரிஞ்சுது. அவங்க நெருங்கி நின்னு அத மூடியிருக்கலாம். மூடல. கைய விரிச்சு அலை மாதிரி ஆடும்போகூட அந்த இடத்துக்கு மேல தொடாம, அங்கன ஒரு ஆளு நிக்க மாதிரியே விட்டு ஆடினாங்க. அந்த இடம் என் முன்னால மெதுவாப் போச்சு. ரெண்டு எட்டு வச்சா ரோடு. உடுப்பு இல்லாட்டியும் வெர்னிஸ் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா, காலைல நைட்டியையே ஒண்ணும் சொல்லல. கைல ஃப்ளாஸ்க் இருந்துது. மூடியில சாயா ஊத்தியிருந்தேன், கொதிக்கக் கொதிக்க. அத எங்க வைக்கதுன்னு பாத்துட்டு இருக்கும்போ அவங்க முக்கு திரும்பிட்டாங்க.

அந்த வாரமே அகல்யா ரூமக் காலி பண்ணிட்டா. நான் டூட்டில இருக்கும்போ வந்து எடுத்துட்டுப் போயிட்டா. சாவியக் கதவுல லெட்டர் போடுற ஓட்டை வழியா உள்ள போட்டிருந்தா. ரூமத் துடைச்சு, குப்பைய எடுத்து, விரிப்ப மடிச்சு வச்சிருந்தா. நான் வளத்த பிள்ள மாதிரி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். இப்ப டானிக்கா வீட்டுலதான் இருக்கா. அவங்கப்பா ஒரு வழியாச் சமாதானம் ஆயிட்டாராம். அம்மா அவகிட்ட தினமும் பேசுவாங்களாம். எங்கிட்ட அவங்க பேசுறதில்ல. நானும் ஒரு ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்தேன். மணி அடிச்சு நின்னுட்டு. வேலையா இருந்திருப்பாங்க.

வெர்னிஸ பஸ்ல பாக்கும்போ, அன்னைக்கு ஏன் வரலன்னு கேட்டா. முட்டு வலின்னேன். குளிர்காலக் கிளாஸ் தொடங்குது, வந்துரு, உனக்கு அடி எல்லாம் தெரியும், புதுசா வாறவங்களுக்கு நீ சிப்பு சொல்லிக் குடுக்கலாம்னா. எனக்கு ரொம்ப சந்தோசம். அந்த வியாழக்கிழமை ஹாலுக்குப் போனேன், வாங்கிட்டுப் போகணுமேன்னு கேக்குகூட வாங்கினேன். கதவுல ஒரு கண்ணாடி உண்டு. உள்ள பாத்தேன். புதுசா வந்தவங்கள வரிசையா நிறுத்தி அகல்யா நடக்கச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. முதுகு எனக்கு இந்தப் பக்கம். சத்தமாச் சிரிச்சா, கதவுக்கு வெளிய கேட்டுது. இந்த வீட்டுல ஒரு நாளும் அப்படி அவ சிரிச்சு நான் கேட்டதில்ல.

நான் உள்ள போனா அவ என்ன செய்வா? முன்னால நின்னு சொல்லிக் குடுப்பாளா, இல்ல பின்னால ஃபேன் பக்கம் போயிருவாளா? குளிர்காலத்துல ஃபேன் போட மாட்டாங்களே.

திரும்பி வந்துட்டேன். மறுநாளு வார்டுல மேடம்கிட்ட வியாழக்கிழமை சாயங்கால டூட்டிய எனக்கே நெரந்தரமாப் போடச் சொன்னேன். அவளுக்காக ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமைல எப்பவும் ஆளு பத்தாது, யாராவது பாக்கணும்ல. வெர்னிஸ்கிட்டயும் அதத்தான் சொன்னேன், டூட்டி மாத்திட்டாங்க, நான் என்ன செய்ய முடியும்னு. அவ பஸ்ஸ ஓட்டிக்கிட்டே கண்ணாடில என்னையப் பாத்தா. என் ஸ்டாப் வந்ததும் கதவத் திறந்துவிட்டுட்டு, நான் இறங்கி நடைபாதைல ஏறுற வரைக்கும் பஸ்ஸ எடுக்காம நின்னா.

இவ்வளவுதான் நடந்தது. இதுல நான் என்ன செஞ்சேன்னு நீயே சொல்லு. வேண்டாம், இப்பச் சொல்ல வேண்டாம், நீ சின்னப் பிள்ள.

ரூம் பிடிச்சிருக்கா? இன்னும் ரெண்டு இடம் பாக்கணுமா? பாரு, பாரு, தாராளமாப் பாரு. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். இன்னைக்கே சொல்லணும்னு ஒண்ணும் இல்ல மக்களே. வியாழக்கிழமை மட்டும் நான் இருக்க மாட்டேன். மத்த நாளு நீ எப்ப வந்து பெல் அடிச்சாலும் நான் வீட்டுலதான் இருப்பேன்.